அப்பா பறித்த பணிஸ்

கஞ்சி போட்ட வெள்ளைத் துணியின் மேல் சிரட்டைக்கரி இஸ்திரிப்பெட்டி ஏறும்போது ஒரு வாசனை எழும். பாதி சோறு வடித்த வாசனை, பாதி ஏதோ கருகப்போகிறது என்ற பயம். அந்த வாசனை எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கூரையைத் தூக்கும். திருகோணமலை டொக்யார்ட் வீதியில் அப்பா தையற்கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடற்படைக்காரர்களுக்கு உடுப்புத் தைப்பதும், கிழிந்ததை ஒட்டுப்போடுவதும், கஞ்சி போட்டு மடித்துக் கொடுப்பதும் தொழில். வெள்ளிக்கிழமை சூரியன் உட்துறைமுகத்துக்கு அப்பால் இறங்குவதற்குள் ஊசி, கத்தரிக்கோல், இஸ்திரி, அடுப்பு எல்லாம் அடங்கிவிட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். மறுநாள் சனிக்கிழமை, கப்பல்களிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பெடியன்கள் கடைக்கதவைத் தட்டோ தட்டென்று தட்டுவார்கள். நாங்கள் உள்ளே மூச்சுக் காட்டாமல் இருப்போம். வீதியில் மற்றக் கடைகளெல்லாம் திருவிழாப்போல இருக்க, எங்கள் கடை மட்டும் செத்த வீடு மாதிரிக் கிடக்கும்.

நான் சொல்வது வெள்ளைக்காரரின் பெரிய சண்டைக் காலத்தை. பிறகு எங்கள் ஊர் கண்ட யுத்தம் வேறு. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நாங்கள் யூதர். இந்த ஒரு சொல்லை விளங்கப்படுத்தியே என் சிறுவயதில் பாதி போயிற்று. பன்றி சாப்பிடாததால் சிலர் எங்களைச் சோனகர் என்றார்கள். என் பெயர் எஸ்தர் என்பதால் வேறு சிலர் வேதக்காரர் என்றார்கள். அப்பாவும் அம்மாவும் கொச்சியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் "மலையாளத்தாரோ?" என்று கொஞ்சம் தள்ளி நின்று, மந்திரம் தெரியுமா என்று கேட்டவர்களும் உண்டு. வீட்டுக்குள் மலையாளம், வாசலுக்கு வெளியே தமிழ். அப்பா ஊர்த் தமிழை ஊராரைப் போலவே கதைப்பார். ஊரில் எங்களைப் போன்ற குடும்பம் வேறொன்றும் இல்லை. ஆகவே எங்கள் கடவுளின் கட்டளைகள் அத்தனையையும் திருகோணமலையில் தாங்குகிற பொறுப்பு எங்கள் ஒரு வீட்டின் தலையில்தான் விழுந்திருந்தது. அதிலும் பெரும்பங்கு என் தலையில் விழுந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

உலகத்திலுள்ள மீனெல்லாம் வந்து இறங்கும் ஊரில் இருந்துகொண்டு எங்களுக்குக் கணவாய் கூடாது, இறால் கூடாது, நண்டு கூடாது, சுறா கூடாது; செதிலும் செட்டையும் இருக்கிற மீன்தான் சட்டிக்குள் போகலாம். இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டி. மாறிப் போனால் அம்மா அதை உடைத்தே போடுவாள். சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள், நெருப்பு மூட்டக்கூடாது என்பதால் பக்கத்து வீட்டுச் செல்லம்மா மாமி வந்து எங்கள் குசினியில் அடுப்பை மூட்டிவிட்டுப் போவா. "உங்கட கடவுள் நெருப்புப் பெட்டிக்கும் லீவு குடுக்கிறவரோ?" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பா. அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் சிரிப்பாள். எனக்குத்தான் நிலத்துக்குள் போய்விடலாம்போல இருக்கும்.

யுத்தம் வந்ததும் இருட்டடிப்பு வந்தது. பொழுதுபட்டால் வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக்கூடாது என்று உத்தரவு. எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை பொழுதுபட முன் ஏற்றிய விளக்கைத் தானாக அணையும் வரை யாரும் தொடக்கூடாது. இரண்டு உத்தரவுக்கும் நடுவில் அம்மா கண்டுபிடித்த வழி, உடுப்பு அலுமாரியை வெறுமையாக்கி, விளக்கை அதற்குள் வைத்து ஏற்றி, கதவை ஒருக்களித்துச் சாத்துவது. அலுமாரி உள்ளே கரி பிடித்தது. எங்கள் உடுப்பெல்லாம் வருஷக்கணக்காகப் புகை மணத்தது. சட்டத்தை வளைக்கிறதற்கு எங்கள் வீட்டில் எவ்வளவோ மூளை இருந்தது. அந்த மூளையில் ஒரு துளியை என் பக்கம் திருப்ப மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

குண்டு விழுந்த காலை எனக்குப் பதினான்கு வயது. அது எங்கள் பஸ்காப் பண்டிகையின் கடைசி நாள். அந்த நாட்களில் புளித்த மா எதுவும், அதில் சுட்ட பாண், பணிஸ் எதுவும், வாயில் மட்டுமல்ல வீட்டிலேயே இருக்கக்கூடாது. சங்கு ஊத, செல்லம்மா மாமி வீட்டுப் பின்வளவில் இரண்டு வீட்டாருமாகச் சேர்ந்து வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள் ஓடிக் குந்தினோம். மேலே விமானங்கள், துறைமுகப் பக்கம் நிலம் இடிந்து இடிந்து விழுகிற சத்தம், தலையில் மண் உதிர்ந்தது. காலைச் சாப்பாடு யாருக்கும் இல்லை. மாமி ஓடி வரும்போது கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்திருந்தா. ஒரு பணிஸ். சீனி தூவிய, முதல் நாள் பணிஸ். அதைப் பிய்த்து என் கையில் வைத்து, "தின்னு பிள்ளை. செத்தாலும் வெறும் வயித்தோட சாகப்படாது" என்றா.

நான் வாய்க்குக் கொண்டுபோனேன். அப்பாவின் கை வந்து அதைப் பறித்தது. வெடுக்கென்று கூட இல்லை. பிழையாகத் தைத்த பொத்தானை வெட்டி எடுப்பதைப்போல ஆறுதலாகப் பறித்து, மிக மரியாதையாக மாமியிடமே திருப்பிக் கொடுத்தார். "குறை நினைக்காதேங்கோ. இண்டைக்குப் பொழுதுபடும் மட்டும் ஏலாது."

"எலியா மாஸ்டர், மேல குண்டு போடுறாங்கள்!" என்று மாமி கத்தினா.

"குண்டு போடுறது அவங்கட வேலை. இது எங்கட வேலை" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் காது சூடாகிறது. ஊரே குண்டுக்கு நடுங்கிக்கொண்டிருக்க, எங்கள் அப்பா ஒரு துண்டுப் பணிசுக்கு நடுங்கினார். உயிரோடு வெளியே வந்தால் இந்த வீட்டை விட்டுப் போவது என்று அந்தக் குழிக்குள்தான் முடிவெடுத்தேன். வெளியே வந்தோம், எல்லோரும் உயிரோடுதான். பொழுதுபட்ட பிறகு அப்பா தானே போய் எங்கிருந்தோ ஒரு பணிஸ் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

வீட்டை விட்டுப் போவதற்குப் பெண்பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில் ஒரேயொரு வழி இருந்தது. அக்கா அந்த வழியால்தான் போனாள். பதினாறு முடிந்ததும் கொச்சியில், அவள் முகம் கண்டிராத ஒருவருக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அங்கே ஒருவர் பேசி வைக்கப்பட்டிருந்தார். மிளகு வியாபாரியின் மகன், நல்ல குடும்பம், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. யுத்தத்தால் தலைமன்னார்க் கப்பல் நிச்சயமில்லாமல் இருந்தது. ஆகவே சண்டை முடிந்த கையோடு கலியாணம் என்று தீர்மானம். உலகம் முழுக்கச் சண்டை முடிய வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் ஒருத்தி மட்டும், இன்னும் கொஞ்சம் இழுபடட்டும் கடவுளே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் படித்து ஆசிரியையாகிவிட வேண்டும். சொந்தக் காலில் நிற்கிறவளை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்ற ஏலாது என்பது என் கணக்கு.

ஆனால் படிக்கப் பள்ளிக்கூடம் எங்கே? குண்டு விழுந்த பிறகு ஊரில் பாதிப் பேர் நாலு பக்கமும் போய்விட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தைப் படையினர் எடுத்துவிட்டார்கள். என் வகுப்பு ஆசிரியை பரமேஸ்வரி ரீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி. ஊருக்குத் திரும்ப முன் ஒரு பின்னேரம் கடைக்கு வந்து, யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் என்னைச் சேர்க்கலாம், படிப்பு முடிந்ததும் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம் என்று அப்பாவிடம் சொன்னா. நான் பின்கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அங்க பிள்ளை என்ன சாப்பிடுவாள்?"

எனக்குத் தெரியும், அவர் இதைத்தான் கேட்பாரென்று. இந்த ஒரு கேள்வியால்தான் அவர் எல்லாக் கதவையும் பூட்டுவார். நிலாவெளிக்கு வகுப்போடு ஒரு நாள் சுற்றுலா, சிநேகிதியின் அக்கா கலியாணம், எதுவென்றாலும் "அங்க என்ன சாப்பிடுவாய்?" என்பார், அத்தோடு கதை முடிந்துவிடும்.

"அது சைவ விடுதி மாஸ்டர். மரக்கறிதான். இறைச்சி, மீன், முட்டை ஒண்டும் படலைக்குள்ளயே வராது" என்றா ரீச்சர்.

மெஷின் நின்றது. அந்தக் கேள்வியால் முதன்முதலாக ஒரு கதவு பூட்டுப்படவில்லை. நான் கதவுக்குப் பின்னால் கையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டேன். அப்பா தலையைத் தூக்கி, "சட்டி?" என்றார். "முந்தி வேற என்னவும் சமைச்ச சட்டியோ?" ரீச்சருக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. "நீங்கள் நேரில வந்து பாருங்கோவன்" என்றுவிட்டுப் போய்விட்டா.

அவர் நேரிலேயே போனார். என்னையும் கூட்டிக்கொண்டு, வவுனியா வரை பஸ்ஸிலும் பிறகு ரயிலிலுமாக. வழியெல்லாம் அம்மா கட்டித் தந்த அவித்த முட்டையும் வாழைப்பழமும்தான். தேத்தண்ணிகூட வெளியே குடிக்கவில்லை. விடுதியை நடத்தியவ ஒரு வயதான விதவை. எல்லோரும் அவவைப் "பெரியக்கா" என்றார்கள். ஒட்ட வாரிய தலை, நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைச் சீலை. விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு இருவரும் எதிரெதிராக இருந்தார்கள். நான் தூணோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் போல இன்னொரு ஆளை அதுவரை நான் கண்டதில்லை. அன்றைக்குக் கண்டேன்.

"வீட்டில மச்சம் தின்னுறனீங்களோ?" என்று பெரியக்கா தொடங்கினா.

"மீன் தின்னுவம். இறைச்சி எங்கட முறைப்படி அறுத்தால் தின்னுவம். நண்டு, இறால் தொடமாட்டம்."

"அப்ப உங்கட பிள்ளை என்ர குசினிக்குள்ள கால் வைக்கப்படாது."

"வைக்கமாட்டாள். உங்கட சட்டியில அவளுக்குச் சமைக்கவும் படாது."

பெரியக்கா நிமிர்ந்து இருந்தா. "தனிச்சட்டி?"

"தனிச்சட்டி. தனிக்கோப்பை. தனி அகப்பை. நான் கொண்டுவந்து தருவன்."

"நல்லது."

"சாமிக்குப் படைச்சதைப் பிள்ளைக்குக் குடுப்பியளோ?"

"படைச்சதைக் கண்ட நிண்டவைக்குக் குடுக்கிற வழக்கம் இங்க இல்லை."

வேறு யாராவது என்றால் இதற்கு முகம் கறுத்திருக்கும். அப்பாவின் முகம் மலர்ந்தது. பின்வளவு மாமரத்தின் கீழ் ஒரு சின்னக் கொட்டில், அதற்குள் எனக்கொரு அடுப்பு, நானே சமைத்து நானே தின்பது, சனிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமையே சமைத்து வைப்பது என்று இருவருமாக என்னைப் பங்குபோட்டு முடித்தார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அப்பா, "ஒழுங்கான மனுசி" என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். அம்மாவைப் பற்றிக்கூட அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு அப்பாவிடமிருந்து தப்பிப் போய் இன்னொரு அப்பாவிடம் மாட்டிய கதைதான் பிறகு நடந்தது. படிப்பு நன்றாகவே இருந்தது. தமிழும் கணக்கும் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் மத்தியான மணி அடித்தால் மற்றப் பிள்ளைகள் சாப்பாட்டு மண்டபத்துக்குள் இரண்டு வரிசையாகப் பாயில் இருப்பார்கள். நான் என் அலுமினியச் சட்டியில் நானே சமைத்த குழைந்த சோற்றைக் கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து, மண்டபத்துக்கு வெளியே, பெரியக்கா காட்டிய வாசற்படியில் இருப்பேன். உள்ளே சாம்பாரும் பருப்பும் கீரைக் கடையலும் போகும் வாசனை மூக்கைத் துளைக்கும். அத்தனையும் மரக்கறி. அப்பாவின் கடவுளுக்குக்கூட அதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க ஏலாது. வரிசையில் நடக்கிற பகிடி எதுவும் எனக்குக் கேட்காது. எல்லோரும் சிரித்து முடிந்த பிறகு யாராவது திரும்பி என்னைப் பார்ப்பார்கள். வீட்டில் எனக்குச் சாப்பிடக்கூடாத சாப்பாடு மட்டும்தான் இருந்தது. இங்கே இருக்கக்கூடாத இடமும் இருந்தது.

சில மாதங்கள் கழித்து அப்பா என்னைப் பார்க்க வந்தார். பேரீச்சம்பழமும், புதிதாகத் தைத்த இரண்டு சட்டையும் கொண்டுவந்திருந்தார். சரியாகச் சாப்பாட்டு நேரம். படலையைத் திறந்து வந்தவர், வாசற்படியில் கோப்பையும் கையுமாக இருந்த என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் எழும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, படியைத்தான் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த வரிசையைப் பார்த்தார். பெரியக்கா வெளியே வந்து, "வாங்கோ மாஸ்டர்" என்றா.

"பிள்ளை ஏன் படியில இருக்கிறாள்?"

பெரியக்காவுக்கு விளங்கவில்லை. "நீங்கள்தானே கேட்டனீங்கள்? எல்லாம் புறம்பா வேணுமெண்டு?"

"நான் சட்டியைத்தான் புறம்பா வைக்கச் சொன்னனான். பிள்ளையை இல்லை."

எத்தனை வருஷமாக, எத்தனை விதமாக நான் இந்த மனிதரிடம் சொல்லப் பார்த்த வசனம் அது! எனக்குச் சொல்ல வராதது அவருக்கு எவ்வளவு இலேசாக வந்தது. அதுவும் வேறொருத்தி என்னை வெளியே இருத்திய பிறகு. ஒரு பக்கம் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. மறுபக்கம் கையிலிருந்த கோப்பையை அவர் தலையிலேயே கவிழ்க்க வேண்டும்போல இருந்தது.

அப்பா குரலை உயர்த்தவில்லை. "கொச்சியில எங்கட தொழுகை வீட்டிலயும் இப்பிடி ஒரு படி இருந்தது" என்றார். "அடிமையளின்ர வழியில வந்தவையெண்டு சொல்லி எங்கட ஆக்களை உள்ள இருக்க விடேல்லை. அதே கடவுள், அதே வேதம். என்ர தேப்பன் சாகும் மட்டும் படியில இருந்துதான் கும்பிட்டவர். என்ர பிள்ளையள் ஒரு படியிலயும் இருக்கப்படாது எண்டுதான் நான் கடல் தாண்டி வந்தனான்."

இது எனக்குப் புதுச் செய்தி. நாங்கள் ஏன் கொச்சியை விட்டு வந்தோம் என்று கேட்டபோதெல்லாம் "தொழிலுக்கு" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

பெரியக்கா உள்ளே இருந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தா. "மற்றப் பிள்ளையளின்ர தாய் தேப்பன் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றா. அது மறுப்பு இல்லை, உண்மையாகவே கேட்டா.

"திருகோணமலைத் தையற்காரன் வந்து சண்டை பிடிச்சவன் எண்டு சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு அப்பா என் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். செருப்பைக் கழற்றி, தலையில் தொப்பியோடு அந்தப் படியைத் தாண்டி உள்ளே போய், வரிசையின் கடைசியில் பாயில் கோப்பையை வைத்து, "வந்து இரு" என்றார். நான் போய் இருந்தேன். பிள்ளைகள் எல்லோரும் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்த பெண் எனக்கு முன்னால் வந்ததும் நின்று பெரியக்காவைப் பார்த்தா. பெரியக்கா அப்பாவைப் பார்த்தா. பொதுச் சட்டியில் வைத்த சாம்பார் அது. அப்பா மெல்ல யன்னல் பக்கம் திரும்பி, பின்வளவு மாமரத்தை, அதில் ஏதோ மிக முக்கியமான விஷயம் நடக்கிறதைப்போல, பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊத்து" என்றா பெரியக்கா.

பதுங்குகுழியில் குண்டுகளுக்கு நடுவே ஒரு துண்டுப் பணிசை என் வாயிலிருந்து பறித்த அதே மனிதர், நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வரும் வரைக்கும் அந்த மாமரத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. புறப்படும்போது கொட்டிலுக்குள் போய் என் சட்டியை எடுத்து, தேய்த்துக் கழுவி, துணியில் சுற்றிப் பையில் வைத்தார். "அம்மா சட்டி இல்லையெண்டு சொன்னவ" என்றார். வீட்டில் அம்மாவிடம் இருந்த சட்டிகளை வைத்து ஒரு கடையே திறக்கலாம். பையைப் படலை வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

சண்டை முடிந்தது. கொச்சி மிளகு வியாபாரியின் மகன் காத்திருந்து களைத்து வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அந்தப் புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். படிப்பும் பயிற்சியும் முடிந்து, ஆசிரியையாக எனக்கு முதல் நியமனம் ஈச்சிலம்பற்றுப் பக்கம் கிடைத்தது. சில வருஷம் கழித்து, கொச்சியிலிருந்த எங்கள் ஆட்கள் யூதருக்கென்று உண்டான புது நாட்டுக்குப் புறப்பட்டபோது அப்பாவும் அம்மாவும் அவர்களோடு போக முடிவெடுத்தார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். நான் வரமாட்டேன் என்றேன். அப்பா ஒரு தரம்தான் கேட்டார். திருகோணமலை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அவர் மூட்டையை வாங்கி உள்ளே வைத்தேன். கையில் அலுமினியம் தட்டுப்பட்டது. "வழியில என்ன சாப்பிடுவீங்கள் அப்பா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன். அவர் மூட்டையைத் தட்டிக் காட்டினார். ரயில் அசையத் தொடங்கிய பிறகு யன்னலால் தலையை நீட்டி, "நீ என்ன சாப்பிடுவாய்?" என்று கத்தினார். "சோறு அப்பா, சோறு!" என்று நானும் எரிச்சலோடு கத்தினேன். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

இப்போது டொக்யார்ட் வீதியில் எங்கள் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். சனிக்கிழமையும் திறந்திருக்கிறது. செல்லம்மா மாமியின் வளவில் மாடி வீடு. பதுங்குகுழி இருந்த இடம் கார் நிறுத்துமிடம். இந்த ஊரில் யூதக் குடும்பம் ஒன்று இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். எனக்கும் வயதாகிவிட்டது. கணவாய், இறால், நண்டு எல்லாம் தின்று பார்த்தாகிவிட்டது. சனிக்கிழமைகளில் நானே அடுப்பு மூட்டுகிறேன். யாரும் எதையும் கேட்பதில்லை.

சித்திரை பிறப்பதற்குக் கிட்டமுட்ட, பஸ்கா வரும் நாட்களில், சந்திப் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் சீனி தூவிய பணிஸ் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, வாங்காமல் வருகிறேன். கடவுளுக்குப் பயந்து இல்லை. பறிக்க அப்பா இல்லாத இடத்தில் அதைத் தின்று என்ன செய்ய?